ஒழுங்கா நடப்பார்

என் மாமனாரை நான் இழக்கப் பார்த்தது ஐந்து சொற்களால். பக்கம் பக்கமாக எழுதி இதுவரை ஒருவரையும் அசைத்ததில்லை. ஐந்து சொற்களில் ஒரு குடும்பத்தையே கலக்கியதுதான் என் எழுத்தின் ஒரே சாதனை.

நான் திருச்சிக்காரன். மனைவி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அத்தை காலமான பிறகு, நாலு வருடமாக மாமா சிட்னியில், பென்டில் ஹில்லில், எங்களோடுதான் இருந்தார். மனைவியின் அக்கா மெல்பர்னில். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு வருடம் அவர்கள் வீடு, மறு வருடம் எங்கள் வீடு என்று கூடுவோம். இந்த முறை, மே கடைசியில் ஆஸ்திரேலியக் குளிர் தொடங்கியதுமே எல்லோரும் ஃபிஜிக்குப் போய் அங்கே கூடலாம் என்று அக்கா முடிவெடுத்தார். முடிவெடுப்பது அக்காவின் வேலை, பெட்டி தூக்குவது என்னுடையது.

மே மாதத்தில் மாமாவைத் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மாமா மறுத்துவிட்டார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, அரசியலில் தொடங்கி மூட்டுவலி வழியாகச் சுற்றிவந்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். அந்தப் பெருமையில் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன்: ‘மாமாகிட்ட பேசிட்டேன். இனிமே ஒழுங்கா நடப்பார்.’

திருச்சியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எடுத்துச் சொன்னேன், இனி வாக்கிங் போவார். ஆனால் யாழ்ப்பாணத்தில் கதைப்பதுதான் பேச்சு. பேசுவது என்றால் திட்டுவது. ஆகவே மெல்பர்னில் போய் இறங்கியபோது செய்தி இப்படி ஆகியிருந்தது: கிழவரைத் திட்டிவிட்டேன், இனி அடங்கி நடப்பார். இந்த வித்தியாசத்தை இருபது வருடமாக விருந்துகளில் வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

அக்கா ‘ஓம்’, அதாவது சரி, என்று மட்டும் பதில் போட்டார். பத்து நாள் கழித்து, ஃபிஜியிலிருந்து அப்பாவை நேராக மெல்பர்னுக்குக் கூட்டிப்போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று, இனி அங்கேயே இருக்கட்டும் என்று தங்கைக்குப் போன் செய்தார். காரணம் சொல்லவில்லை. மனைவி துணி மடித்தபடி இதை என்னிடம் சொன்னாள். நியாயம்தானே என்றேன். நியாயமாகப் படவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் நான். பத்தரை மணிக்கு டீயோடு வந்து, இன்றைய மீட்டிங்கில் யார் பெரிய முட்டாள் என்று அக்கறையாக விசாரிக்கிற ஒரே மனிதர் அவர். போகக் கூடாது என்று நினைத்தேன்.

ஃபிஜியில் எதுவுமே நிஜம் போல இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு கிழிக்க மெனக்கெடவில்லை. விலாசம் தவறி வந்ததுபோல ஐந்து நிமிடம் மழை வரும், வெட்கப்பட்டுப் போய்விடும். மாமா சாரம் என்கிற லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி, முழங்கால் தண்ணீரில் நின்று பசிபிக்கை மேற்பார்வை செய்தார். நான் மல்லாந்து மிதந்தேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் கரையில் என் குடும்பம் சிரிப்பது போன பிறவியிலிருந்து கேட்டது. சாப்பாட்டு மேசையில் அக்கா எனக்குத்தான் முதலில் பரிமாறினார். “இன்னும் போடட்டோ” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் மதியம், வாதுமை மர நிழலில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தோம். மாமா பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை முக்கால்வாசி மூடியிருந்ததால் தூங்குகிறேன் என்று நினைத்து அக்கா கேட்டார்.

“அப்பா, அவர் உங்களுக்குப் பேசினவரோ?”

மாமா நிதானமாக மென்று விழுங்கினார். “ஓம். ஒவ்வொரு நாளும் பேசுவார்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“பேசாட்டி எனக்குப் பொழுது போகாது, பிள்ளை.”

என் மனைவி முகத்தை மூடியிருந்த தொப்பியை எடுத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். “அக்கா, அப்பாவுக்கும் இவற்ற இந்தியத் தமிழ் தொத்திட்டுது.”

“அப்ப, ஒழுங்கா நடப்பார் எண்டது?”

“வோக்கிங்,” என்றார் மாமா, பப்பாளி கசந்ததுபோல.

அக்கா சிரித்தார். ஆனால் மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

அன்று மாலை கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்தார். “நான் பிழையா விளங்கிட்டன், தம்பி,” என்றார். பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “எண்டாலும் இந்தக் குளிருக்கு அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போகட்டோ? அம்மா போனாப்பிறகு அவர் என்னட்ட வந்து ஒரு மாசம் நிண்டதில்லை.”

மெல்பர்ன் குளிர், மாமாவின் முழங்கால், எங்கள் டாக்டர் என்று பத்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த காரணங்கள் என்னிடம் வரிசையாக இருந்தன. ஆனால் அக்கா அனுமதி கேட்டுவிட்டார்.

“கூட்டிட்டுப் போங்கக்கா. நல்ல தெர்மல் டிரஸ்ஸா வாங்கிக் குடுங்க,” என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கிறவனால் யாரோடும் வாதாட முடியாது.

ஃபிஜியின் நாடி விமான நிலையத்தில் மாமாவும் அக்கா குடும்பமும் ஒரு வரிசையில், நாங்கள் ஒரு வரிசையில்.

சிட்னிக்கு வந்தால் ஜூன். குளிர்காலம் என்பது ஒரு வதந்தி என்று நம்பியவர்கள் கட்டிய வீடு எங்களுடையது. காலையில் மூடுபனி பின்கட்டு வேலிவரை வந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் வருவது ஒரே ஓர் அறைக்குத்தான், அது மாமாவின் அறை. இரண்டாவது வாரமே கம்ப்யூட்டரோடு அங்கே குடியேறிவிட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்து, காலில் வெயில் ஊர, அரைக் கண்ணோடு மீட்டிங்குகளில் கலந்துகொண்டேன்.

ஒரு நாள் அப்படிச் சாய்ந்திருக்கும்போது மாமா போனில் வந்தார். மெல்பர்னில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம், அக்கா இரண்டு மஃப்ளர் கட்டி நடக்க விடுகிறாராம், ராஜ உபசாரமாம். பிறகு கேட்டார்.

“என்ர அறையில ஆரும் இருக்கினமோ, தம்பி?”

“இல்லயே மாமா. பூட்டித்தான் வச்சிருக்கோம்.”

“அப்ப சரி. நான் செப்டெம்பர்ல வாறன்.”

போனை வைத்தேன். வெயில் முழங்கால்வரை ஏறியிருந்தது. எழுந்து, அவருடைய போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஐஸ்போலக் கிடந்த சாப்பாட்டு மேசைக்குப் போனேன்.