நூறு இழை

டப்பா வந்து மூன்று நாளாகிறது. நான் இன்னும் திறக்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளை வைக்கும் பலகையின் மேல் அப்படியே இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பா. பச்சை பெயிண்ட் பாதி உரிந்துபோய், ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. வெம்பாக்கத்திலிருந்து ஏதோ வேலையாக ஆரணிக்கு வந்த அக்காவின் மகள், “அம்மா உங்களாண்ட குடுக்கச் சொன்னாங்க” என்று கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். நான் அதை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டினால் உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று பயம். நாற்பத்தாறு வயது ஆள் ஒரு தகர டப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அது யாருடைய டப்பா, அதில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறகு சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பாவு பிணைத்துக் கொடுத்தவர். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் முனைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துக்கும் மேலான இழைகள். ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குதான். அக்கா முறுக்கியது அறுந்து நான் பார்த்ததில்லை. சாம்பலை ஒரு கொட்டாங்குச்சியில் கொண்டுவருவார். வேலை செய்யும்போது பேச மாட்டார். மாதத்துக்கு ஒரு முறை வந்து, தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்றரை நாளில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பத்து வருஷமாக வந்துபோகிறவரிடம் நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அந்த நாட்களில் நான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தேன். தறியருகே குடிக்க முடியாது. பட்டு எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும், முகூர்த்தப் புடவையில் பீடி நாற்றம் வீசினால் மானம் போய்விடும். அதனால் ஒவ்வொரு பீடிக்கும், கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியை விட்டு ஏறி, தெருமுனைக் கடைவரை போய், குடித்து முடித்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் திரும்ப உட்காருவேன். இதை ஒரு ஒழுக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டதும் உண்டு. யாரோ ஒரு பெண் ஒரு நாள் உடுத்தப் போகிற புடவைக்குக் கொடுத்த மரியாதையை நான் என் உடம்புக்குக் கொடுக்கவில்லை.

முதலில் இடது கால் சில்லிட்டது. தறியின் மிதியை அழுத்தும்போது அழுத்துவது தெரியவில்லை. மரத்துப்போயிருக்கிறது என்று தேய்த்துவிட்டுக்கொண்டேன். பிறகு இரண்டாவது விரல் நீலம் பாரித்தது. பிறகு நுனி கறுத்தது. சர்க்கரையாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இல்லை. வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனேன். அவர் என் விரலைப் பார்க்கும் முன்பே என் உதட்டைப் பார்த்தார். “பீடியா?” என்றார். ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டே வருகிறது, குடிப்பதை அடியோடு நிறுத்தினால் இதோடு நிற்கும், குறைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் செல்லாது, நாளைக்கு ஒன்றே ஒன்று என்றாலும் மேலே ஏறும் என்றார். “விரல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் வெட்டிக்கினு வந்தவங்க என்னாண்ட இருக்காங்க. பீடியா காலான்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார். குழித்தறிக்காரனுக்குக் கால் போனால் கையும் போன மாதிரிதான். திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பெட்டிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். முதல் வாரத்தில் எனக்கு என் கையைப் பார்த்தே பயமாக இருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், அது தானாகச் சட்டைப் பையைத் தடவும். குழியை விட்டு ஏறிவிட்டு எதற்காக ஏறினோம் என்று புரியாமல் நிற்பேன். வாயில் எச்சில் ஊறும், நெஞ்சு படபடக்கும், குழந்தை மேல் எரிந்து விழுவேன். காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் விரலைப் பார்ப்பேன், கறுப்பு ஒரு நூல் ஏறியிருக்கிறதா என்று. ஏறியதுபோலவே இருக்கும். அந்தப் பயத்தைப் போக்க ஒரு பீடி குடித்தால் தேவலை என்று தோன்றும். காலைக் காப்பாற்ற நினைப்பவனும் நான்தான், அந்தக் காலை விற்றுப் பீடி வாங்கத் தயாராக இருப்பவனும் நான்தான். இரண்டாவது ஆள்தான் பலசாலியாக இருந்தான்.

ஒன்பதாம் நாள் பாவு பிணைக்க அக்கா வந்தார். நான் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுத் துணி நழுவியிருந்தது. அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. பத்து வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

“எத்தினி நாளா?” என்றார்.

“ரெண்டு மாசமாக்கா.”

“நிறுத்திட்டியா?”

பீடி என்ற சொல்லையே அவர் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் வீட்டுக்காரருக்கு, நாங்கள் மாமா என்போம், ஒரு கால் கிடையாது. ஊரே அதைச் சர்க்கரை என்றுதான் சொல்லும். அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “சர்க்கரைன்னு நான்தான் சொல்லிவுட்டேன். உனுக்கு இருக்குதே, இதேதான் அவருக்கும்.”

அன்று சாயங்காலம் கிளம்பும்போது தன் ஃபோன் நம்பரை என் மனைவியிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். என்னிடம், “கை கேக்கும்போது எனுக்கு ஒரு ஃபோன் போடு. நான் எங்கனா பிணைச்சிகினுதான் இருப்பேன். நூறு இழை எண்றேன். நீ கேட்டுகினு இரு. நூறுக்குள்ள அடங்கிடும். திரும்பியும் வரும். வந்தா திரும்பியும் போடு” என்றார். நூறு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அவரு வுட்டுடறேன்னு சொன்ன அன்னிக்கு எண்ணிப் பார்த்தேன்” என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை போடுவேன். அக்கா எடுத்து, ஹலோ கிலோ ஒன்றும் சொல்லாமல் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முறுக்கு. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். ஒரு வீட்டில் டிவி சீரியலில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். “யாருக்கு இன்னா கணக்கு ஒப்பிச்சிகினு இருக்கே?” என்று யாரோ கேலி செய்ததும் காதில் விழுந்தது. அக்கா நிறுத்தவில்லை. நாற்பதுவரை எனக்கு உயிர் போகும். எழுபதுக்கு மேல் மூச்சு கொஞ்சம் சீராகும். ஒரு நாள் தொண்ணூறுக்குப் பிறகு எண்பத்தொன்று என்றார். தப்பா, என் மூச்சைக் கேட்டு வேண்டுமென்றே செய்ததா என்று இன்றுவரை தெரியாது. நூறு வந்ததும் வைத்துவிடுவார். ஒரு புத்திமதி கிடையாது.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். விரலில் கத்தியால் கீறுவதுபோல் வலி. கூடவே அந்த ஆசை. ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். நாலாவது முறையும் எடுக்காதபோது கால்கள் தாமாகத் தெருமுனைக் கடைப்பக்கம் திரும்பின. எனக்கு வந்த பயத்தில் எதிர்ப்பக்கமாக நொண்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இல்லாத காலின் பக்கம் லுங்கி மடிந்து கிடந்தது. இருக்கிற காலிலும் கணுக்கால்வரை கட்டு. விரல் நுனிகளிலும் புண்கள். அந்த விரல்களால் தீக்குச்சி உரச முடியாது. அக்கா குனிந்து, அவர் உதட்டில் இருந்த பீடிக்குக் குச்சி உரசிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. நெருப்பு விரலைச் சுட்ட பிறகுதான் உதறினார்.

மாமா நல்ல மனிதர். வந்தவனை உபசரிக்கத்தான் நினைத்தார். “வாப்பா, உக்காரு. ஒண்ணு புடி” என்று பக்கத்தில் இருந்த பச்சை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டேன். கை தானாக நீண்டது என்று சொன்னால் பொய். நான்தான் எடுத்தேன். உதட்டில் வைத்தேன். அந்த இலையின் ருசி நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீப்பெட்டி அக்காவின் கையில் இருந்தது. “ஒண்ணே ஒண்ணுக்கா. குடுக்கா” என்றேன்.

அக்காவின் கை என்னை நோக்கி வந்தது. பாதி தூரம் வந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. அந்தக் கை நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. பாதியிலேயே “ஒண்ணு” என்றார். “ரெண்டு. மூணு.” இழை இல்லை, சாம்பல் இல்லை. இன்னொரு கையின் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டிருந்தது.

“இன்னாடி எண்ணிகினு கீறே, பேஜாரா?” என்றார் மாமா. பிறகு அவர் பார்வை கீழே இறங்கி என் கால் கட்டில் வந்து நின்றது.

“உனுக்குமா? எந்த விரலு?”

“ரெண்டாவது, மாமா.”

“எனுக்கும் அதுலதான் ஆரம்பம்.”

புண் வந்த அந்த விரல்களால் என் வாயிலிருந்த பீடியை எடுத்தார். டப்பாவில் போட்டார். மூடி சரியாகப் பதியவில்லை, இரண்டு முறை அழுத்தினார். “இத்த எடுத்துகினு போய் எங்கனா போடு. இவன் கண்ணுலயே படக் கூடாது” என்று அக்காவிடம் கொடுத்தார். பிறகு தன் பீடியைக் கடைசிவரை இழுத்து முடித்தார். அக்கா நூறுவரை எண்ணினார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தெருமுனைவரை அக்கா கூட வந்தார். ஃபோன் சார்ஜில் இருந்தது என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அதுக்குத்தான்ப்பா ஃபோன்னு சொன்னேன். நேர்ல வந்து கேட்டா நான் குடுத்துடுவேன். அவருக்கு அப்படித்தான் குடுத்து குடுத்து இந்த நெலமைக்குக் கொண்டாந்தேன். அழுதுருவாரு, என்னால தாங்க முடியாது. ஃபோன்ல கேட்டா இன்னான்னு குடுக்கறது? இனிமே இங்க வராத” என்றார். நான் அவரைத் தைரியசாலி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்தார். என்னவோ அதற்குப் பிறகுதான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

என் விரல் நுனி போயிற்று. கால் இருக்கிறது. மாமா அடுத்த வருஷம் இறந்துபோனார், இரண்டாவது காலையும் எடுத்த பிறகு. துக்கத்துக்குப் போனபோது அக்கா என் காலைத்தான் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகு பாவு பிணைக்க வந்தபோது கொட்டாங்குச்சிக்குப் பதிலாகச் சாம்பலை, எறியாமல் வைத்திருந்த அந்தப் பச்சை டப்பாவில் கொண்டுவந்தார். நான் அதைக் கவனித்ததை அவரும் கவனித்தார். இப்போது கண் மங்கி, இழை தெரியாமல் போய், மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

பீடியை விட்டு ஐந்து வருஷமாகிறது. பயம் போகவில்லை. இன்றைக்கும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கால் விரல்களைப் பார்க்கிறேன். இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சட்டையில் அந்த வாசனை வந்தால் எழுந்து நின்றுகொள்கிறேன். ஆசை தூரத்தில் எங்கேயோ போய்விட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. என்னுடையது அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறது.

பழைய பாவு நேற்றோடு முடிந்தது. புதுப் பாவு தறியில் காத்திருக்கிறது. பிணைக்க வேறு ஒருத்தர் நாளைக்கு வருகிறார். இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. டப்பாவைக் கையில் எடுத்தேன். நகத்தால் மூடியை நெம்பினேன்.

சாம்பல். சலித்த, மெல்லிய சாம்பல். வேறொன்றும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று நாளாக நான் பயந்தது உள்ளே பீடி இருந்துவிடுமோ என்று மட்டுமல்ல, இல்லாமல் போய்விடுமோ என்றும்தான். உடம்பு குப்பென்று வியர்த்தது. ஃபோனை எடுத்து அக்காவுக்குப் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“திறந்துட்டியா?”

“திறந்துட்டேன்கா.”

“பீடி இருக்கும்னு பார்த்தியா?”

“ஆமாக்கா.”

“நானும் மூணு வாட்டி திறந்து, வெரலை வுட்டுத் தொழாவிப் பார்த்துட்டுத்தான் குடுத்தனுப்பினேன். அன்னிக்கு உன் வாயிலேர்ந்து எடுத்தாரே, அது எங்கனா அடியில ஒட்டிகினு இருந்துடப் போவுதுன்னு. குடுத்தனுப்பினதுலேர்ந்து எனுக்குத் தூக்கமே இல்ல” என்றார். “இப்ப கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“எனுக்குக் கண்ணு போச்சு. இழை நீதான் எடுக்கணும். எண்ணு, நான் கேட்டுகினு இருக்கேன்.”

ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு தறிக்குப் பின்னால் அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். டப்பாவில் விரலைத் தொட்டேன். பழையதில் ஒரு இழை, புதியதில் ஒரு இழை. என் முறுக்கு நிற்குமா என்று தெரியவில்லை. “ஒண்ணு” என்றேன்.