ஐயாயிரத்து நாற்பது கப்பும் லூர்து அக்காவும்

லூர்து அக்கா போயிட்டாங்க. காலையில் அவங்க மகள் போன் பண்ணினாள்... இன்னும் கை ஓடவில்லை.

யார் என்று கேட்பீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் இருந்தவங்க. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. கணக்கில் புலி.

ஒரு தடவை ஐயாயிரம் டீ கப்புக்கு ஆர்டர். அக்கா நேரே சூப்பர்வைசரிடம் போனாங்க.

"சார், இன்னும் நாப்பது சேத்துக்குங்க. 5040ஐ ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சம் நிக்காது. பன்னண்டுக்கும் நிக்காது. எந்த சைஸ் பெட்டி வந்தாலும் சமமா அடுக்கிடலாம்."

"பதினொண்ணு?" என்றார் அவர், வீம்புக்கு.

"ரெண்டு மிஞ்சும். நீங்களும் நானும் டீ குடிக்கலாம்."

பார்ட்டியும் சரி என்றுவிட்டது. எண்ணும் வேலை எனக்கு. சேர்ந்து ரெண்டே மாதம், வேலை நிரந்தரம் இல்லை. என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்ணி முடித்தால்... 5039.

"ஒண்ணு எங்கம்மா?" என்று என் பையைக் கொட்டச் சொன்னார் சூப்பர்வைசர். எல்லோர் முன்னாலும். சாப்பாட்டு டப்பாவும் ஒரு சீப்பும் விழுந்தன. "நாளையிலருந்து வராத" என்றார். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

அக்கா எழுந்தாங்க. "சார், 5039 எதாலயும் மடங்காத நம்பரு. தரையில வரிசை போட்டா ஓட்ட வுழுந்து காட்டிக் குடுத்துரும். ஒரு மணி நேரம் குடுங்க."

ஷெட்டில் நாங்கள் ஏழு பெண்கள். முதல் வரிசையில் எழுபது கப் எண்ணி வைத்தோம். மற்றதெல்லாம் அதன் பின்னால், கப்புக்கு நேர் கப்பு. எழுபத்திரண்டாவது வரிசை கடைசிக் கப்பு வரை நிறைந்து நின்றது. எழுபது இன்ட்டு எழுபத்திரண்டு... 5040!

சூப்பர்வைசர் நோட்டில் 5039ஐ அடித்து 5040 என்று எழுதிவிட்டுப் போனார். நான் ஓவென்று அழுதேன்.

அக்கா காதோரம் கேட்டாங்க, "ஏம்புள்ள, மொத கப்புக்கு என்னா சொன்ன?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கம்மாபுரத்துக் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு'. பழக்கதோஷத்தில் முதல் கப்புக்கு 'லாபம்' சொல்லிவிட்டு, இது கம்பெனியாச்சே என்று அடுத்ததிலிருந்து 'ஒண்ணு' என்று ஆரம்பித்திருக்கிறேன்!

"நெனச்சேன். லாபத்த ஒங்க வூட்டோட வெச்சிக்கடி" என்று சிரிச்சாங்க. கடைசி வரை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலை எனக்கு நிலைத்தது.

அன்று மதியம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, "நாம ஏழு பேரும் எடம் மாத்தி மாத்தி ஒக்காந்தா எத்தன விதம் தெரியுமா? அதே ஐயாயிரத்து நாப்பது. தெனம் ஒரு விதம்னா பதிமூணு வருஷம் தாண்டும்" என்றாங்க. "அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிடணும்க்கா" என்றாள் ஒருத்தி.

ஏழில் மூன்று பேர் முன்னமே போய்விட்டார்கள். நேற்று வரை நாங்கள் நாலு பேர். இருபத்துநாலு விதம்.

இன்று மூன்று பேர்... ஆறே விதம்.

நான் சாப்பிட்ட சோறு நீங்க காப்பாத்திக் குடுத்தது அக்கா. நாளைக்கு அடக்கத்துக்கு மூணு பேரும் வரோம். யாரு எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.