நட்ட முடி, நேர்ந்த முடி

மாசி, பங்குனி இரண்டு மாதமும் தேனி பங்களாமேட்டு டீக்கடை வாசலில் நின்ற எந்த பைக்கின் கண்ணாடியும் அதன் சொந்தக்காரருக்கு முகம் காட்டவில்லை. எல்லாம் சுருளிராஜன் முகத்துக்கு நேராகத் திருப்பப்பட்டிருந்தன. வருவார், குனிவார், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து இடது பக்கம் ஒரு வகிடு எடுப்பார். பிடிக்காது. அழித்துவிட்டு வலது பக்கம் எடுப்பார். வண்டிக்காரர் வந்து, “அண்ணே, நகருங்க, வண்டிய எடுக்கணும்” என்றால், “செத்த இருப்பா, காத்துல கலைஞ்சு போச்சு” என்பார். அந்தக் ‘கலைஞ்சு போச்சு’வைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன். கல்யாணத்துக்கு முன்பே முன்னந்தலை காலியாகி, கால் நூற்றாண்டாகக் கலைவதற்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தவர்.

போடியில் செல்வமணி அண்ணாச்சியின் இரும்புக் கடையில் நட்டும் போல்ட்டும் நிறுத்துக்கொண்டிருந்தவர் அவர். அண்ணாச்சியின் மகன் கிங்ஸ்லி வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பி, தேனியில் முடி நடும் ரோபோ செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தபோது, சுருளிராஜனையும் ஸ்டோர் கீப்பராகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போதும் நட்டு, போல்ட்டுதான். கூடவே மோட்டார், கேமரா, தலைமுடி கனத்தில் ஊசிகள். யார் எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல், “அங்கன, ரெண்டாவது ரேக்குல” என்பார். அது மூன்றாவது ரேக்கில் இருக்கும்.

ஆனால் கம்பெனியில் அவருக்கு மவுசு வந்தது ஸ்டோரால் அல்ல, மண்டையால். கேமராவைச் சோதித்துப் பார்க்க ஒரு ரப்பர் தலை வாங்கி வைத்திருந்தார்கள். ரப்பர் தலைக்கு வியர்க்காது, அது தும்மாது, பொங்கல் தின்றுவிட்டு ஏப்பம் விடாது. சுருளிராஜன் தலை எல்லாம் செய்யும். “அண்ணே, கொஞ்சம் மண்டை வேணும்” என்று இன்ஜினியர் பிள்ளைகள் குரல் கொடுத்தால் போதும், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

கம்பெனியைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவர்தான். கிங்ஸ்லி படம் போட்டுச் சொன்னால் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். இவர் எழுந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். “பின்னந்தலை முடிக்கு ஆயுசு கெட்டி. அத வேரோட எடுத்து முன்னால நடணும். எந்த முடி எங்கிட்டுச் சாஞ்சிருக்குன்னு கேமரா பாத்துச் சொல்லும், கை போயி ஊசிய எறக்கும். சின்னமனூர்ப் பக்கம் நாத்து நடவு பாத்திருக்கீகள்ல? அதேதான். இங்கன வயலு மண்டை.” கம்பெனி வைத்த நீளமான இங்கிலீஷ் பேர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. எல்லோருக்கும் அது ‘நடவு மிஷின்’தான்.

முடி இல்லாத காலத்திலும் அவரிடம் சீப்பு உண்டு. மற்றவர்கள் கேலி செய்யுமுன் தானே முந்திக்கொள்வார். வழுவழு மண்டையில் சீப்பை நெற்றியிலிருந்து உச்சிவரை இழுப்பார். சத்தமே வராது. “சைலன்சர் போட்ட மண்டை” என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் மனைவி ஜோதிலட்சுமி மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை.

அனுமதி கிடைத்து, மனிதத் தலையில் சோதிக்க ஆள் கேட்டபோது, முதலில் தூக்கிய கை அவருடையதுதான். தோல் டாக்டர் ஷீபா மரப்பு ஊசி போட்டார். மிஷின் இறங்கியது. சுருளிராஜன் குப்புறக் கிடந்தபடியே அதனோடு பேசிக்கொண்டிருந்தார். “மெதுவா ராசா, அவசரமில்ல, சாயங்காலம் வரைக்கும் சும்மாதான் இருக்கேன்.” கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் ஜோதிலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில வாரத்தில் நட்டதெல்லாம் கொட்டியது. கொட்டும், அப்புறம் வேரிலிருந்து புதுசாக முளைக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். மனசு கேட்கிறதா? கொட்டிய முடியைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்து கிங்ஸ்லி மேஜையில் வைத்து, “தம்பி, சரக்கு ரிட்டர்ன்” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நாலைந்து மாதத்தில் முளைத்தது பாருங்கள், அதன்பிறகு அந்த மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரமாக லோயர் கேம்ப் வரைக்கும் போய், இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். என்ன சோலி என்று கேட்டதற்கு, “சோலி ஒண்ணுமில்ல, காத்து” என்றார்.

இப்படித் திரிந்தவர் தலையில்தான் சித்திரையில் இடி விழுந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட மறுநாள், தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே ஜோதிலட்சுமி, “இந்த வருசம் மொட்டை போடணும்ங்க” என்றார்.

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான். நேந்திருக்கேன்.”

பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டார் சுருளிராஜன்.

சேதி கேட்டு கிங்ஸ்லி இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டான். திருவிழா முடிந்த மறுவாரம் கோயம்புத்தூரிலிருந்து பெரிய டாக்டர்கள் மிஷினைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆர்டர், ஆர்டர் வந்தால்தான் கம்பெனி. காட்டுவதற்கு இருப்பதிலேயே அடர்த்தியான தலை சுருளிராஜனுடையது. “எங்க சர்ச்சுன்னா ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு முடிச்சுரலாம்ண்ணே. இதுக்கு என்ன பண்றது?” என்றான். பிறகு அவனே யாரையோ விசாரித்துவிட்டு ஓடி வந்தான். “பூமுடி குடுக்கலாமாம்ண்ணே! மூணு இடத்துல லேசாக் கத்தரிச்சாப் போதுமாம்!”

இந்த யோசனையோடு வீட்டுக்குப் பறந்தார் சுருளிராஜன். “பூமுடி பொம்பளைக குடுக்கிறது. நீங்க என்ன பொம்பளையா?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் ஜோதிலட்சுமி.

“இம்புட்டு வருசம் கழிச்சு வந்த முடிடீ! முடி வேணும்னு நேந்துக்கிட்டு, வந்ததும் எடுத்துக் குடுன்னா எப்படி?”

“முடி வேணும்னு யாரு நேந்தா? அந்த இரும்புக் கை ஒங்க மண்டையில ஊசிய எறக்குனப்ப பெஞ்சுல ஒக்காந்து ஆத்தாளத்தான் கூப்பிட்டேன். ஆளு முழுசா எந்திரிச்சு வந்தாப் போதும் ஆத்தா, மொளைக்கிற முடிய ஒனக்கே தாரேன்னு சொல்லிட்டேன். முடி எனக்கெதுக்கு? நான் வாக்கப்பட்டது வழுக்கைக்குத்தான.”

சுருளிராஜன் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து, “எந்தக் கெழமை?” என்று கேட்டார்.

சிரைத்தாலும் வரும், வேர் உள்ளேதான் இருக்கிறது என்று டாக்டர் ஷீபா அடித்துச் சொன்னார். சுருளிராஜனும், “வராம எங்க போகுது, டாக்டரே சொல்லிட்டாக” என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லும்போதே கை முன்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. வேர் பிடித்துவிட்டது என்று உலகத்துக்கே தண்டோரா போட்ட கம்பெனியில், முகம் வெளிறாமல் ஒருத்தர் கிடையாது.

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் மொட்டை அடிக்கிறவர் தலையை நனைத்தபடி, “எம்புட்டு நாளா வளத்ததுண்ணே?” என்று கேட்டார். “இருவத்தஞ்சு வருசம்” என்றார் சுருளிராஜன். பின்னால் நின்றுகொண்டிருந்த கிங்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டான். சந்தனம் பூசி எழுந்தபோது சுருளிராஜன் தன்னை அறியாமல் சட்டைப்பையில் கை விட்டு, சீப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள். கிங்ஸ்லி சுருளிராஜனுக்கு ஒரு தொப்பியை மாட்டி ஸ்டோருக்குள் உட்காரவைத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து ஜோதிலட்சுமியும் எல்லோருக்கும் கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். வந்தவர்களில் மூத்த டாக்டர் படமெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, “படம் போதும், இந்த முதல் ஆளைக் கூப்பிடுங்கள்” என்றார். வேறு வழியில்லை. சுருளிராஜன் வந்து தொப்பியைக் கழற்றினார்.

“மொட்டையா?” என்றார் டாக்டர். வாயாடி சுருளிராஜனே தொப்பியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வாசலில் நின்ற ஜோதிலட்சுமி பிரசாதத் தூக்கைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து, புருஷன் சட்டைப்பையிலிருந்து சீப்பை உருவி, அவர் நெற்றியில் வைத்து உச்சிவரை ஒரே இழுப்பாக இழுத்தார். முளைவிட்டிருந்த முடியில் சீப்பு உரசி, கரகரவென்று சத்தம் வந்தது. மூத்த டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். “குடுடீ” என்று சுருளிராஜன் சீப்புக்குக் கையை நீட்டினார். ஜோதிலட்சுமி அந்தக் கையைத் தட்டிவிட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தார்.