சிலுவைக்குப் பின்னால் வந்த பெயர்

ஏசுஅடிமை என்ற பெயரை மரியபுஷ்பம் முதன்முதலில் கேட்டது பூசைக்கு நடுவில். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று ஊருக்கு அறிவிக்கிற ஓலையைச் சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். தன் பெயர் வந்ததும் தலையைக் குனிந்தவள், அடுத்து வந்த மாப்பிள்ளை பெயரைக் கேட்டு முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். வீட்டில் அதுவரை "மீன் யாவாரம் பண்ணுத பையன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் முழங்காலில் நின்ற சித்தி மகளின் காதில், "ஏட்டி, ஏற்கெனவே ஒருத்தருக்கு அடிமையா இருக்க ஆளு எனக்கு எப்பிடிட்டி அடங்குவாரு?" என்று கேட்டாள்.

பெரியம்மை ஒருத்தி மட்டும் முறை சரியில்லை என்று கிளம்பினாள். தன் கொழுந்தன் பெண்டாட்டியும் ஏசுஅடிமையின் அம்மையும் கூடப்பிறந்தவர்கள். அந்த வழியில் எண்ணினால் பையன் புஷ்பத்துக்கு அண்ணன் அல்லவா? அப்பா பக்கத்து ஆட்கள் வேறொரு வழியில் எண்ணி, அத்தை மகன் முறை வருகிறது என்று காட்டினார்கள். கடற்கரையில் இரண்டு வழியும் எப்போதும் திறந்துதான் இருக்கும். கல்யாணத்துக்குத் தோதான வழியில் ஊரார் நடந்தார்கள்.

ஏசுஅடிமை கடலுக்குப் போகிறவர் இல்லை. கரையில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு மயிலாடி, பூதப்பாண்டி என்று வயல்காட்டு ஊர்களுக்குள் போய் விற்கிறவர். ஹாரன் அடிக்கமாட்டார். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, சொந்தக்காரர் வந்து இறங்கியிருப்பதைச் சொல்வது போலச் சொல்வார்: "அக்கா, அயிலை வந்திருக்கு. நேத்து கேட்டியளே." வாங்குகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களும் மீன் பெயர்கள்தான். நெத்திலி டீச்சர், விளமீன் சார், தலை மட்டும் போதும் என்கிற சூரைத்தலை மாமா. மீன் கொஞ்சம் குழைந்திருந்தால் அவரே முகத்தைச் சுளித்து, "இது வேண்டாம் மக்கா, நாளைக்கு வாங்கு" என்று பெட்டியை மூடிவிடுவார். அந்த மீன் எங்கே போகும்? புஷ்பத்தின் சட்டிக்குத்தான். "ஊருல உள்ளவியளுக்கு முழு மீனு. எனக்கு மட்டும் நீரு வேண்டாம்னு சொன்ன மீனு" என்று சொல்லிக்கொண்டே புளியைக் கரைப்பாள்.

இத்தனை மீனுக்கும் பெயர் சொல்லுகிற வாய், பெண்டாட்டி பெயரை மட்டும் சொன்னதில்லை. கிட்டத்தில் என்றால் "ஏட்டி". தூரத்தில் என்றால் ஓர் இருமல். அந்த இருமல் எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் புஷ்பம் திரும்புவாள்.

போன வருஷம் அவளுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. நடந்தால் இளைப்பு வாங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். வைத்த பிறகும் கண் விழிக்க நாளானது. அப்போது நடந்ததெல்லாம் நாத்தனார் சொல்லித்தான் புஷ்பத்துக்குத் தெரியும். தீவிர சிகிச்சை அறையின் வாசலில் நர்ஸ் வந்து நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுல உள்ளவதான்" என்றாராம் ஏசுஅடிமை. "வீட்டிலுள்ள ஆளுக்குப் பேரில்லே சேட்டா?" என்று அந்த மலையாளத்து நர்ஸ் அதட்டிய பிறகுதான் பெயர் வெளியே வந்தது. வந்தது நிற்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டு, ஜெபமாலை மணிக்கு ஒன்றாக, மரியபுஷ்பம், மரியபுஷ்பம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இதைக் கேட்டபோது, தையல் வலிக்கும் என்று தெரிந்தும் புஷ்பம் சிரித்தாள்.

அவள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள். ஆண்டவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்று ஏசுஅடிமைக்கு இருந்தது. கோவிலில் ஆள் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றலாம் என்றாள் நாத்தனார். "மெழுகுதிரி உருகிப் போவும். நான் சொல்லுத நன்றி போவாம நிக்கணும்" என்றார். ஒருநாள் கன்னியாகுமரியில் சங்கு, பாசிமணி விற்கிற கடை வரிசைக்குள் வண்டியை விட்டார். அங்கே வினோஜ் என்பவர் டாட்டூக் கடை வைத்திருக்கிறார். "பெஞ்சாதி பேரு போடணும். ஆண்டவருக்கு நன்றியா ஒரு சிலுவையும் போடணும்" என்று சொல்லிவிட்டு, முன்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். குத்தி முடிக்கும் வரைக்கும் ஜெபம். எங்கே பெயர், எங்கே சிலுவை என்று சொல்லவில்லை. வினோஜ் அய்யாவழிக் குடும்பத்தில் வளர்ந்தவர். நெற்றியில் நாமம் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்பது அவருக்குப் பழக்கம். சாமி அடையாளத்தை முன்னால் வைப்பதுதானே மரியாதை? அழகான ஒரு சிலுவை வரைந்து, அதற்குப் பின்னால் மரியபுஷ்பம் என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து கையை நீட்டினார். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் புஷ்பம்தான் மெதுவாகப் பிரித்தாள். கடற்கரையில் ஒரு பெயருக்கு முன்னால் சிலுவை நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவைச் சொல்லி முக்குக்கு முக்கு ஒட்டுகிற துட்டி நோட்டீசிலும் கல்லறையிலும் அப்படித்தான் இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். புஷ்பம் பிளாஸ்டிக் தாளை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அடக்கம் எத்தன மணிக்கு?"

"யாருக்கு ஏட்டி?"

"உம்ம பெஞ்சாதிக்கு. கையில ஒட்டிவச்சிருக்கீரே."

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் பார்த்தார்.

முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. மயிலாடியில் கல்லறைக் கல் வெட்டுகிற சுயம்புராஜ் மீன் வாங்க வந்தவர், கையைப் பார்த்து, "எப்ப அண்ணாச்சி? சொல்லவே இல்லியே. கல்லு வேற எங்கயும் சொல்லிராதீங்க" என்றார். நெத்திலி டீச்சரும் கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் சோறும் அவியலும் பொதிந்து கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தார். இல்லை என்று சொல்ல ஏசுஅடிமைக்கு வாய் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தார். புஷ்பம் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்து, "என் துட்டிச் சோறு நல்லாத்தான் இருக்கு. டீச்சருக்கு உப்பு அளவு தெரியுது" என்றாள்.

ஆனால் ராத்திரி அந்தக் கை பக்கத்தில் கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நெஞ்சுக்குள் புது வால்வு கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கையில் எழுதியிருப்பது நடந்துவிடுமோ என்று விழித்துக் கிடந்தாள். மறு பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் வரச் சொல்லியிருந்தார்கள். "இந்தக் கையோட நீரு கூட வந்தா நான் வரமாட்டேன். நீரு வராமயும் போவமாட்டேன்" என்றாள். விளையாட்டு அங்கே நின்றுபோனது. ஏசுஅடிமை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தூங்கினார்.

வினோஜ் விஷயம் தெரிந்து ஓடிவந்தார். "அண்ணே, எனக்குத் தெரியாம போச்சு. சிலுவைக்குக் கீழ ஒரு வளைவு போட்டா நங்கூரம் ஆயிரும்" என்றார்.

"நல்லாயிருக்கும்" என்றாள் புஷ்பம். "கடல்ல விழுந்து செத்தாள்னு நினைப்பாவ."

நாகர்கோவிலில் தோல் டாக்டர் சபிதாவிடம் போனார் ஏசுஅடிமை. லேசரில் எடுக்கலாம், ஒரே தடவையில் போகாது, இடைவெளி விட்டுவிட்டுப் பல தடவை வர வேண்டும், முழுசாகப் போனாலும் லேசாக ஒரு தடம் தெரியலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "எதை எடுக்கணும்? பேரையா, சிலுவையையா?" என்று கேட்டார். பேரை அழித்தால் அவளையே அழித்த மாதிரி. சிலுவையை அழிக்கச் சொல்ல எந்த வாய் வரும்? "பொறவு வாறேன் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டார். அப்புறமும் ரெண்டு மூணு தரம் போனார். ஒவ்வொரு தரமும் அந்தக் கேள்வி வந்ததும் எழுந்துவிட்டார்.

ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்டுப் புஷ்பம் எட்டிப் பார்த்தாள். கருவாட்டுக்குப் போடுகிற கல் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏசுஅடிமை சிலுவை மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தேய்ப்புக்கு ஒரு தரம், "மன்னிச்சிரும் ஆண்டவரே." தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கண்ணில் தண்ணீர், அது எரிச்சலிலா, பயத்திலா என்று சொல்ல முடியாது.

அவள் உப்பைத் தட்டிவிட்டாள். அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தாள்.

"என்னயத் திருப்பி அனுப்பினது யாரு?" என்று கேட்டாள்.

"ஆண்டவருதான்."

"நெஞ்சப் பொளந்து மூடி அனுப்பினவரு, ரெண்டு கோட்டுக்கா கோவிச்சுக்கிடுவாரு? சிலுவய எடுக்கச் சொன்னது நான். அந்தப் பழி எனக்கே இருக்கட்டும். மேல போனபொறவு கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீரு உப்புல கை வைக்காதேயும்."

அவர் குழாயை மூடினார். "மேல போறதப் பத்திப் பேசாத ஏட்டி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருவருமாக நாகர்கோவிலுக்குப் போனார்கள். உப்புத் தேய்த்த காயத்தைப் பார்த்து டாக்டர் திட்டினார். "இது மீனா, உப்புப் போட்டுக் காய வைக்க?" என்றார். புண் ஆறட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆறிய பிறகுதான் லேசர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார வைத்தார்கள். சடசடவென்று கருவாடு எண்ணெயில் விழுந்த சத்தம். முடி கருகுகிற நாற்றம். சிலுவை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு எழும்பியது. "குத்தும்போது எறும்பு, எடுக்கும்போது குளவி" என்றார் ஏசுஅடிமை. வலி தெரியாமலிருக்க டாக்டரிடம் மீனைப் பற்றியே பேசினார். எந்த மீனுக்கு என்ன புளி, எதைப் பொரிக்கலாம், எதை அவிக்கலாம். வெளியே வரும்போது டாக்டருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: நெய்மீன் டாக்டர்.

ரெண்டாம் தடவைக்குப் பிறகு சிலுவை சாம்பல் நிறமானது. அதற்குள்ளேயே புஷ்பம் திருவனந்தபுரம் போய் வந்துவிட்டாள், அதே கையைப் பிடித்துக்கொண்டு. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். வருகிற வழியில் வினோஜ் கடையில் இறங்கி, அவருக்கென்று வாங்கின பழத்தைக் கொடுத்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எனக்கு எதுக்கு அக்கா பழம்? நான் செஞ்சது தப்புல்லா."

"சிலுவதான் தப்பு. எழுத்து தப்பில்ல மக்கா. என் பேர இவ்வளவு அழகா பள்ளிக்கூடத்துல நானே எழுதினது இல்ல."

லேசர் பட்ட இடத்தில் வெயில் படக் கூடாது என்று டாக்டரின் கட்டளை. புஷ்பம் தன் பழைய நைட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கைக்கு உறை மாதிரித் தைத்திருக்கிறாள். ஊதா நிறத்தில் பூப்போட்டது. வண்டியில் அவர் போகும்போது அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் கேலி பேசுகிறார்கள். "வீட்டுல நைட்டிய யாரு போடுதா அண்ணாச்சி?" என்று சூரைத்தலை மாமாவின் மருமகள் கேட்டாளாம். அவர், "ரெண்டு பேருக்கும் பங்குதான்" என்றாராம்.

இன்று காலையும் அவள் டாக்டர் கொடுத்த களிம்பை விரலில் எடுத்துத் தடவினாள். சிலுவை இருந்த இடத்தில் இப்போது மங்கலாக ஒரு நிழல்தான் இருக்கிறது. தெரிந்து பார்த்தால் தெரியும். இன்னும் ஒன்றிரண்டு தடவை போக வேண்டும். எரியவில்லை என்று அவர் சொன்னார். சொன்னாலும் அவள் உதட்டைக் குவித்து அந்த இடத்தில் ஊதிவிட்டாள், உறையை மாட்டினாள். அவர் வண்டியை மிதித்துக் கிளம்பினார்.

இந்நேரம் ஏசுஅடிமை மயிலாடியைத் தாண்டி, பூதப்பாண்டி போகிற ரோட்டில் இருப்பார்.