விதிக்குப் பயந்த பாலேந்திரா அண்ணை

பாலேந்திரா அண்ணையோடு விம்பிள்டனில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்ட அந்த மூன்று வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கூடவே கோபமும் வருகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சிறப்புப் பாடமாகப் படித்த மனிதர். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலோ-சாக்சன் வீரப் பாட்டுகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லண்டன் அவருக்குக் கொடுத்ததோ ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற வேலை. அந்தப் பாட்டுகளில் வரிக்கு நாலு அழுத்தம், நடுவில் ஒரு மூச்சு, எதுகை கிடையாது, மோனைதான். காலைக் கூட்டத்தில் அந்தத் தாளத்துக்கே டிக்கெட் வெட்டுவார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரருக்கு அது தங்கள் மூதாதையரின் தாளம் என்று தெரியாது.

சமைக்கும்போது கதை சொல்வார்.

"சாகிற நாள் ஏற்கெனவே எழுதியாச்சு எண்டு அந்த வீரருக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சும் வாளை எடுத்துக்கொண்டு போவாங்கள். தலைவன் விழுந்தாலும் களத்தை விட்டு ஓடமாட்டாங்கள்."

சொல்லும்போதே கண் கலங்கும். கறி அடிப்பிடிக்கும்.

இப்படிப்பட்டவருடைய மனைவி செல்வமலர் அக்கா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். அவரைக் கூப்பிட நிரப்பிய விசாப் படிவம் ஒரு வருடமாக மெத்தைக்குக் கீழே கிடந்தது. ஊர்ச் சாத்திரி சாதகக் குறிப்பைப் பார்த்து, சனி மாறும்வரை இருவரும் ஒரு வீட்டில் இருந்தால் மனைவியின் உயிருக்குக் கண்டம் என்று சொன்னதாக அண்ணையின் தகப்பனார் எழுதியிருந்தார். சனி மாற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "மலருக்குத் தெரியவேண்டாம், பயப்பிடுவா" என்பார் அண்ணை. அக்காவோ கடிதத்துக்குக் கடிதம், எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எண்பத்தேழு தொடக்கத்தில், அக்காவின் தெருவில் ஷெல் குண்டு விழுந்து இரண்டு பேர் செத்ததாகக் கடிதம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, சனி மட்டும்தானோ ஆளைக் கொல்லும்? உங்கட வீரர் எவனாவது குறிப்புப் பாத்திட்டுச் சண்டைக்குப் போனவனோ?"

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

"அவவுக்கு ஒண்டு நடந்தால் அது நான் செய்தது," என்றார். அவரைச் சீண்டியதற்கு வெட்கப்பட்டேன்.

வருடக் கடைசியில் அக்கா வந்து சேர்ந்தார். நான் பக்கத்துத் தெருவுக்கு மாறினேன். அக்கா தும்மினால் அண்ணை டொக்டரிடம் ஓடுவார். தெருவைக் கடக்கக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அக்கா சிரித்தார்.

"தம்பி, ஏன் இவர் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைச்சிருக்கிறார்?"

"அது அந்தச் சாத்திரி சொன்ன கண்டம்..." என்று உளறிவிட்டேன். அண்ணை என்னை முறைத்தார்.

"அதோ? இவருக்கும் தெரியுமோ? எனக்கு முதலே தெரியும். மாமாவோட சாத்திரியிட்ட நானும்தானே போனனான்."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீர்?" என்றார் அண்ணை.

"ஓம். சாகிறது எங்கயும் சாகலாம். உங்களோட இருக்கிறது இங்கதானே ஏலும்."

அண்ணை அக்காவின் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, என் முன்னாலேயே அழுதார்.