சந்தனம் நிற்காத பானட்

நான் செய்கிற முட்டாள்தனங்களில் பெரியதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். மேற்கு ஜெர்மனியில், கைவிரல் விறைக்கிற ஒரு சனிக்கிழமைக் காலையில், ஓடுமா ஓடாதா என்று எனக்கே சந்தேகமான பழைய காரைத் தெருவில் நிறுத்தி, அதற்கு மெழுகு பூசி, என் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிகிறது. பார்த்து ரசிக்கும்படி ஒன்றுமில்லை.

இங்கே பருவத்துக்குப் பருவம் இந்தச் சடங்கு உண்டு. பனி விழுந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆகவே குளிர் வருமுன் கழுவி, பாலிஷ் போட்டு, 'வாக்ஸ்' பூச வேண்டும். குளிர் போனதும் மறுபடியும். எங்கள் ஊர் பென்னாகரத்தில் உப்பை ஊறுகாய்க்குப் போட்டிருக்கிறோம், ரோட்டுக்குப் போட்டதில்லை. என் மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பெட்டிகளோடு வந்து சேர்ந்த இன்னொரு சாமான் நான். பக்கத்து வீட்டு ஹெர் க்ரூகர் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் என் காருக்கு மட்டும் மாமனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, துணி படாத இடத்தையெல்லாம் விரல் நீட்டிக் காட்டுவார். உங்கள் ஊரில் கார் கழுவமாட்டீர்களா என்று ஒருமுறை கேட்டார். "ஏரியில் இறக்கிக் கழுவுவோம், எருமைகளுக்குப் பக்கத்தில்" என்றேன். எருமைகளுக்கும் மெழுகு உண்டா என்று கேட்டார். கேலியே இல்லை, மெய்யாகவே கேட்டார்.

போன தை மாதம் லீவில் ஊருக்குப் போனபோது, அக்காவுக்குச் சென்ட் வாங்க மறந்த நான் ஒரு டப்பா வாக்ஸை மட்டும் மறக்கவில்லை. அக்காவின் கணவர் சவரிமுத்து மாமா அப்போதுதான் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஏரியூரிலிருந்து பென்னாகரத்து மண்டபத்துக்குக் கல்யாணப் பெண்ணை அழைத்துவர வேண்டும். அதுதான் முதல் கல்யாணச் சவாரி.

"இது மட்டும் நல்லபடியா அமைஞ்சா முகூர்த்தம் பூரா நம்ம வண்டிதான் மாப்ளே. இல்லீன்னா வண்டிய வித்துட்டு மறுபடியும் மாரண்டஹள்ளிச் சந்தையில தக்காளிக் கூடை தூக்க வேண்டியதுதான்" என்றார்.

விடுவேனா? முதல் நாளே உட்கார்ந்து மூன்று பூச்சு பூசினேன். பானட்டில் வந்து உட்காரப் பார்த்த காக்கை வழுக்கிக்கொண்டு போனது. வெளிநாட்டுப் படிப்பு என்றால் இதுதான் என்று நெஞ்சை நிமிர்த்தி, மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறினேன்.

ஏரியூரில், பெண் ஏறுமுன் அவளுடைய அம்மா உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்து பானட்டில் அப்பினார். அது ஒரு கணம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் வழுக்கி, நம்பர் பிளேட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தது. மறுபடி அப்பினார். மறுபடியும் விழுந்தது. நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"சந்தனமே நிக்காத வண்டியில பொண்ண எப்படிங்க ஏத்தறது? வேற வண்டிக்கு ஆள அனுப்புங்க" என்றார் பெண்ணின் பெரியப்பா.

மாமா முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இறங்கிப் போய், "இது ஜெர்மன் மெழுகுங்க, அழுக்கு ஒட்டவே ஒட்டாதுங்க" என்று விளக்கம் கொடுத்தேன்.

"ஓ. சந்தனம் அழுக்குங்களா?" என்றார் பெரியப்பா.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் தக்காளிக் கூடை தெரிந்தது. நல்லவேளை, பெண்ணின் அம்மா பானட்டில் விரலை ஓட்டி, முகர்ந்து பார்த்தார். "சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. எண்ணெ தேச்ச தலையாட்டம் இருக்குது. ஏ புள்ள, வூட்டுக்குள்ள சீயக்காயும் சுடுதண்ணியும் இருக்கும், எடுத்துட்டு வா." பிறகு என் கோட்டை மேலும் கீழும் பார்த்து, "தேச்சவங்களே அலசட்டும்" என்றார்.

ஊரே சுற்றி நிற்க, அம்பாசடருக்குத் தலை முழுக்காட்டினேன். பளபளப்பு போய், உள்ளங்கையளவு இடம் மங்கியதும் அவர் மூன்றாம் தடவை அப்பினார். நின்றது. பெரியப்பாவும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தபடி ஏறினாள். பென்னாகரம் வரும்வரை நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சந்தனத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் திரும்பி விமானம் ஏறப் புறப்பட்டபோது மாமா வழியனுப்பக்கூட வரவில்லை. இன்னொரு கல்யாணச் சவாரிக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து இங்கேயும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கார் முழுக்கப் பூசுவேன், பானட்டின் நடுவில் உள்ளங்கையளவு இடத்தைத் தவிர. இந்தத் தெருவில் யாரும் வந்து சந்தனம் வைக்கப்போவதில்லை என்று தெரியும். அந்த இடம் வந்ததும் கை தானாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

இன்றைக்கு ஹெர் க்ரூகர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஓர் இடம் விட்டுப்போயிற்று என்று விரலை நீட்டினார். விட்டுப்போகவில்லை, விட்டு வைத்திருக்கிறேன் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கல்யாணப் பெண், சந்தனம், சீயக்காய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். அந்த இடத்தைப் பார்த்தார். பனிக்கு மூட்டம் கட்டியிருந்த வானத்தைப் பார்த்தார்.

"அங்கே துருப்பிடிக்கும்" என்றார்.