தாமோதரன் கால் வைத்த முதுகு

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் தாமோதரன், கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது குப்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கடலுக்குப் போகாத நாளில் அவர் வாசலில் நாலு பேராவது குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். இடது குதிகாலால் மூன்று தரம் இழுப்பார். காலணா வாங்க மாட்டார். ஆனால் "தாமு கால் பட்டாலே போதும்பா" என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவர் மனைவி குப்பம்மாவுக்கு நடுமுதுகில் வலி கண்டது. மீன் கூடை சுமக்கிறவளுக்கு முதுகு வலிப்பது ஊரில் இல்லாத அதிசயமா என்று இருவருமே நினைத்தார்கள். தாமோதரன் எட்டு மாதம் வாராவாரம் கால் வைத்தார். கேட்டால், "தேவலய்யா" என்பாள்.

ஒருநாள் ஏலத்தில் நின்றிருந்தவளுக்கு இரண்டு காலும் மரத்துப்போக, கூடையோடு சரிந்தாள். பக்கத்தில் மீன் விற்ற இருதயம்மாள்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். முதுகெலும்பில் கட்டி என்றார்கள். அறுத்து முக்கால்வாசி எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும்.

கதிர்வீச்சு டாக்டர் பொறுமைசாலி. "இங்க இருக்கிற கதிர் கட்டியோட நிக்காதுங்க. அதையும் தாண்டிப் போவும். கட்டியோ தண்டுவட நரம்பை ஒட்டிட்டு இருக்கு. கட்டி சாகுற அளவுக்குக் கொடுத்தா நரம்பும் போயிடும். புரோட்டான்னு வேற ஒரு கதிர் இருக்கு. சொன்ன ஆழத்துல போய் நின்னுடும்."

தாமோதரனுக்கு இது உடனே விளங்கியது. பதினைந்து பாக ஆழத்தில் பாறை இருந்தால் வலையைப் பதினாலாவது பாகத்தில் நிறுத்தத் தெரிந்தவர் அவர். "அதயே குடுங்க சார்" என்றார்.

"வெளிநாட்டுல ஒருசில ஊர்லதான் இருக்கு. நம்ம நாட்டுக்கு இன்னும் வரலை. நரம்பு தாங்குற அளவுக்கு இதையே கொடுக்கிறோம். கட்டி திரும்ப வரலாம். வலி கண்டா உடனே கூட்டிட்டு வந்துடணும்."

தாமோதரன் நாற்காலியை விட்டு எழவில்லை. "என் காலால வந்துச்சா சார்?" என்று கேட்டு, எட்டு மாதம் கால் வைத்ததைச் சொன்னார்.

"அதனால வரலைங்க." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா முழுசா எடுக்கப் பார்த்திருக்கலாம்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் தாமோதரனைத் தின்றது. கதிர்வீச்சு கொடுத்த இருபத்தெட்டு நாளும் கடலுக்குப் போகாமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தார். குப்பம்மா கோலூன்றி நடக்கத் தொடங்கினாள். அவர் மட்டும் எவர் முதுகிலும் கால் வைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த இருதயம்மாளிடமே, "ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே படம் புடிச்சிகினு வா!" என்று எரிந்து விழுந்தார். உதவி செய்தவளை இப்படியா விரட்டுவது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த குப்பம்மா, "அவ மேல இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?" என்றாள்.

"அவ மேல இல்லமே. எட்டு மாசம் உன்ன இங்கயே போட்டு வச்சேன் பாரு, அந்தக் கோவம். நீயும் தேவலைன்னே சொல்லிகினு இருந்த…"

"ஒருநாளும் கொறையலய்யா."

"பின்ன இன்னாத்துக்கு தேவலன்னு சொன்ன?"

"ஊருக்கே உன் காலால நல்லாவுது. பொண்டாட்டிக்கு ஆவலன்னா உன்ன இன்னா பேசுவாங்க? நீ ஆசயா கேக்கசொல்ல, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல."

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாராவாரம் அவள் முதுகைப் பற்றியா கேட்டார்? தன் பேரைப் பற்றியல்லவா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அவள் அருகே தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே எனக்கோசரம் எதுவும் சொல்லாத. மெய்யா சொல்லு. வலி கீதா?"

குப்பம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கீதுய்யா. நாலு நாளா."

தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ கூப்பிடப் போனார்.